ஸ்டேக், வெங்காயம், அப்புறம் கடவுள்

ஆங்கில எழுத்தாளர் கிரஹாம் கிரீனுடைய ‘தி எண்ட் ஆஃப் தி அஃபேர்’ நாவலை நான் முதல்முறை படித்தது கல்லூரி விடுதியில், பரீட்சை விடுமுறையில். பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை கிழிந்த பிரதி. அந்த வயதில் எனக்குப் புரிந்த கதை இதுதான்: ஒருத்தன் இன்னொருத்தன் மனைவியைக் காதலிக்கிறான், குண்டு விழுகிறது, அவள் விட்டுப் போய்விடுகிறாள், ஏன் போனாள் என்று தெரியாமல் இவன் பொறாமையில் வெந்து சாகிறான், கடைசியில் பார்த்தால் போட்டிக்கு நின்ற ஆள் கடவுள். கடவுள் வந்ததில் எனக்கு அப்போது ரொம்ப எரிச்சல், ஏமாற்று வேலை என்று நினைத்துப் புத்தகத்தை யாருக்கோ கொடுத்துவிட்டேன். இருபது வருஷம் கழித்துப் போன மாதம் மறுபடி வாங்கிப் படித்தபோது என்னைப் பிடித்து உட்கார வைத்தது ஒரு தட்டு வெங்காயம். முதல் தடவை அதை நான் கவனிக்கவே இல்லை, அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன், அவ்வளவு அவசரம்.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம். நாவல் 1951-இல் வந்தது. கதை சொல்கிறவன் மாரிஸ் பென்ட்ரிக்ஸ், எழுத்தாளன், லண்டனில் ஒரு பொதுத்திடலின் ஒரு பக்கம் வாடகை அறையில் இருக்கிறான். திடலின் மறுபக்கம் ஹென்றி மைல்ஸ் என்ற அரசு உயரதிகாரியின் வீடு. ஹென்றியின் மனைவி சாரா. 1939-இல் பழக்கம் ஆரம்பிக்கிறது, 1944 ஜூனில் ஜெர்மன்காரர்களின் பறக்கும் குண்டு ஒன்று விழுந்த நாளோடு அறுந்துபோகிறது. இவன் கதையைத் தொடங்குவது 1946 ஜனவரியில், மழை ராத்திரி ஒன்றில், திடலில் தற்செயலாக ஹென்றியைப் பார்க்கிற இடத்திலிருந்து. முன்னும் பின்னும் தாவித் தாவித்தான் சொல்கிறான். அதனால் உணவக மேசைகளும் கலைந்து கலைந்து வருகின்றன, நாம்தான் வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும்.

முதலில் எதற்காக அவளைச் சாப்பிடக் கூப்பிடுகிறான் என்பதே வேடிக்கை. காதல் கத்தரிக்காய் எதுவும் கிடையாது. அவன் எழுதப்போகும் நாவலில் ஒரு மூத்த அரசு அதிகாரி வருகிறார், அந்த ஆளுக்கு ஹென்றியை மாதிரியாக வைக்கலாம் என்று கணக்கு. ஹென்றி எத்தனை மணிக்கு எழுவார், அலுவலகத்துக்கு எப்படிப் போவார் என்று அவர் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆக, முதல் சாப்பாட்டுக்கு அழைக்கும்போதே புருஷன் மேசையில் உட்கார்ந்துவிட்டான், ஆள் வராமலே. இந்த நாவலில் வெளியே சாப்பிடும் இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன், எல்லா மேசையிலும் இரண்டு பேர்தான் சாப்பிடுகிறார்கள், ஆனால் அங்கே இல்லாத ஒரு ஆளைப் பற்றித்தான் அந்தச் சாப்பாடே நடக்கிறது. அந்த ஆள் மட்டும் மேசைக்கு மேசை மாறுகிறார். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நான் இரண்டாம் தடவை நாவலைப் படித்து முடித்தேன்.

வெங்காயத்துக்கு வருகிறேன். பென்ட்ரிக்ஸின் நாவல் ஒன்று சினிமாவாக வந்திருக்கிறது, இரண்டு பேரும் போய்ப் பார்க்கிறார்கள். படம் மோசம். எழுதியவனுக்கே உட்கார முடியவில்லை. ஆனால் ஒரு காட்சி மட்டும் தேறிவிட்டது. படத்தில் காதலன் உணவகத்தில் இரண்டு பேருக்கும் ஸ்டேக்கும் (தடிமனான மாட்டிறைச்சித் துண்டு) வெங்காயமும் சொல்கிறான். அவள் வெங்காயத்தை எடுக்கக் கொஞ்சம் தயங்குகிறாள், ஏனென்றால் புருஷனுக்கு அந்த வாசனை பிடிக்காது. அந்தத் தயக்கம் காதலனைச் சுருக்கென்று தைக்கிறது. வீட்டுக்குப் போனதும் புருஷன் அவளை அணைப்பான், முத்தம் கொடுப்பான், அதை நினைத்துத்தான் தயங்குகிறாள் என்று அவனுக்கு விளங்கிவிடுகிறது. வசனம் ஒன்றும் இல்லாமல் இவ்வளவும்.

படம் முடிந்து இவர்கள் போகிற இடம் ரூல்ஸ். கற்பனை இடம் இல்லை. கோவென்ட் கார்டன் பக்கம் மெய்டன் லேன் என்ற ஒடுங்கலான தெருவில் இன்றும் இருக்கிறது. 1798-இல் தாமஸ் ரூல் என்பவர் சிப்பிக் கடையாக ஆரம்பித்தது, லண்டனிலேயே பழைய உணவகம் நாங்கள்தான் என்று சொல்லிக்கொள்கிறார்கள். டிக்கன்ஸ் சாப்பிட்ட இடம், பட்டத்துக்கு வருமுன் ஏழாம் எட்வர்ட் ஒரு நடிகையோடு வந்துபோன இடம், கிரீனும் வாடிக்கையாகப் போனவர்தான். படங்களில் பார்த்திருக்கிறேன், சிவப்பு வெல்வெட் இருக்கை, சுவர் தெரியாத அளவுக்குப் பழைய ஓவியங்கள். அவர்களுடைய பெருமையே வேட்டைப் பறவை இறைச்சியும், இறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட ‘பை’ என்ற பண்டமும்தான், சைவம் சாப்பிடுகிற நான் போனால் வேகவைத்த உருளைக்கிழங்கோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அது கிடக்கட்டும்.

ரூல்ஸில் அதே ஸ்டேக் வருகிறது, கூடவே வெங்காயத் தட்டும் வருகிறது. ஹென்றிக்கு வெங்காயம் பிடிக்காதா என்று இவன் கேட்கிறான். ஆமாம், ஆகவே ஆகாது என்கிறாள். உங்களுக்குப் பிடிக்குமா என்று திருப்பிக் கேட்கிறாள். பிடிக்கும் என்கிறான். அவனுக்கு எடுத்துப் போடுகிறாள், பிறகு தனக்கும் எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். அவ்வளவுதான் காட்சி. ஒரு வெங்காயத் தட்டை வைத்துக் காதலில் விழ முடியுமா என்று பென்ட்ரிக்ஸ் நம்மிடம் கேட்கிறான், நம்ப முடியாதுதான், ஆனால் சத்தியமாக அந்த நிமிஷம்தான் விழுந்தேன் என்கிறான்.

யோசித்துப் பாருங்கள், சினிமாவில் தயக்கத்தை எழுதி அதை நல்ல காட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தவன் இவன். எதிரில் உட்கார்ந்திருப்பவள் அந்தத் தயக்கத்தையே தூக்கிப் போட்டுவிட்டாள். ஹென்றியைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை, கண்ணீர் விடவில்லை, எங்கள் கல்யாண வாழ்க்கை சரியில்லை என்று ஆரம்பிக்கவில்லை. கரண்டியை எடுத்தாள், பரிமாறினாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள் என்பது அந்தக் கரண்டியில் தெரிந்துவிடுகிறது. பின்னால் இவனைச் சந்தோஷப்படுத்தப்போவதும் அதுதான், வதைக்கப்போவதும் அதுதான். மேசை விரிப்புக்கு அடியில் அவள் முழங்காலில் கை வைக்கிறான், அவள் தன் கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொள்கிறாள். ஸ்டேக் நன்றாக இருக்கிறது என்கிறான். இதைவிட நல்ல ஸ்டேக் நான் சாப்பிட்டதே இல்லை என்கிறாள். அவனுக்கு அது கவிதை மாதிரிக் காதில் விழுகிறதாம்.

இங்கே எனக்குக் குறுந்தொகை ஞாபகம் வந்ததைத் தடுக்க முடியவில்லை. கூடலூர் கிழார் பாட்டு, பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம், ‘முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்’. புதுக் குடித்தனப் பெண், தயிர் பிசைந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டு, கண்ணில் தாளிப்புப் புகை ஏற, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பு. ‘இனிது’ என்று சொல்லிக் கணவன் சாப்பிடுகிறான், அவள் முகம் ‘நுண்ணிதின்’ மகிழ்கிறது. அங்கேயும் சாப்பாட்டைப் பற்றி ஒரே ஒரு சொல்தான். ஆனால் அந்தச் சொல் போய்ச் சேர வேண்டிய கை ஒன்று இருக்கிறது, அவள் சமைத்தாள், அவன் சொன்னான், கணக்கு நேராகிவிட்டது. ரூல்ஸில் அப்படி ஒரு கை கிடையாது. சமையல்காரர் யாரென்றே தெரியாது. சாரா ஸ்டேக்கைப் பாராட்டினால் அந்தப் பாராட்டுக்குச் சொந்தக்காரர் உள்ளே அடுப்படியில் இருக்கிறார், அவருக்கு அது கேட்கப்போவதும் இல்லை. அதனால்தான் அந்த வாக்கியம் ஸ்டேக்கை விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போக முடிகிறது. வீட்டுச் சமையலில் இந்த வாக்கியத்தை எழுதியிருந்தால் அது சமைத்தவளைப் பற்றிய வாக்கியமாகத்தான் நின்றிருக்கும். கள்ளக்காதல் கதைகளில் ஏன் எப்போதும் உணவகம் வருகிறது என்பதற்கு இடவசதி ஒரு காரணம், நம் ஊர் ஓட்டல்களில் திரை போட்ட ‘ஃபேமிலி ரூம்’ இருந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் யாருடைய உழைப்புக்கும் கடன்படாமல் சாப்பிடக்கூடிய இடம் என்பதும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாதி ஸ்டேக்கைத் தட்டிலேயே விட்டுவிட்டு, ஒயினிலும் மூன்றில் ஒரு பங்கை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். தெருவில் ஒரு இரும்புக் கிராதிமேல் நின்று முத்தம். இந்த மிச்சம் வைத்த ஸ்டேக்கை 1951-இல் படித்த ஆங்கிலேய வாசகர் எப்படிப் படித்திருப்பார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. பிரிட்டனில் இறைச்சிக்கு ரேஷன் 1940 மார்ச்சில் தொடங்கி 1954 ஜூலையில்தான் முடிந்தது. எடைக் கணக்கு கிடையாது, காசுக் கணக்கு, 1951 தொடக்கத்தில் ஒரு ஆளுக்கு வாரத்துக்கு எட்டு பென்ஸுக்குத்தான் இறைச்சி வாங்கலாம் என்று குறைத்துவிட்டார்கள், போர் நடந்தபோதுகூட அவ்வளவு குறைவாக இருந்ததில்லை. வெங்காயக் கதை இன்னும் மோசம். போருக்கு முன் பிரிட்டனுக்கு வெங்காயம் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது, பிரான்ஸின் பிரிட்டனி பகுதி, சேனல் தீவுகள் என்று. 1940-இல் அவை ஜெர்மன் கைக்குப் போனதும் வரத்து நின்றுவிட்டது. ஒற்றை வெங்காயத்தைப் பரிசாக வைத்துக் குலுக்கல் நடத்திய காலம் அது. கதையில் அந்தச் சாப்பாடு போருக்கு முன் நடக்கிறது, படிப்பவர் வாயில் ஊறுவது போருக்குப் பின். அந்த வாசகருக்கு முத்தத்தைவிட அந்த மிச்ச ஸ்டேக்தான் பாவமாகப் பட்டிருக்கும்.

அன்றிலிருந்து ‘வெங்காயம்’ இவர்களுடைய ரகசியச் சொல் ஆகிறது. கடிதம் எழுதும்போது காதல் என்று எழுதக்கூடாத இடத்தில் வெங்காயம். உடலுறவுக்கும் அதே வெங்காயம்தான். இதைத் தமிழில் யாராவது மொழிபெயர்க்க உட்கார்ந்தால் என்ன பாடுபடுவார்கள் என்று யோசித்தேன். நம் மொழியில் வெங்காயம் என்றால் உரிக்க உரிக்க உள்ளே ஒன்றும் இல்லாத சமாச்சாரம், பெரியார் மேடையில் ஒரு விஷயத்தை ஊதித் தள்ளப் பயன்படுத்திய சொல், ‘போடா வெங்காயம்’ என்பது வசவு. ‘உன்மேல் எனக்கு வெங்காயம்’ என்று எழுதினால் கடிதம் வாங்கியவன் திரும்பிப் பார்க்க மாட்டான். அதே சமயம் கதையின் கசப்பைப் பார்த்தால், உரித்துக்கொண்டே போய், உள்ளே ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கண்ணில் தண்ணீரோடு உட்கார்ந்திருக்கும் பென்ட்ரிக்ஸுக்கு நம்முடைய வெங்காயம்தான் இன்னும் பொருத்தமோ என்றும் பட்டது. கிரீன் இப்படி நினைத்திருக்க வாய்ப்பில்லை. இது என் சேட்டை.

அடுத்த ரூல்ஸ் சாப்பாடு 1946-இல். இடையில் ஒன்றரை வருஷம் பேச்சுவார்த்தையே இல்லை. இந்தக் காட்சியை நான் மூன்று தடவை படித்தேன், நாவலிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், வெங்காயக் காட்சியைவிட. ரூல்ஸுக்கு இப்போதும் வருவதுண்டா என்று பேச்சு வருகிறது. ஓ, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வருகிறேனே என்று பென்ட்ரிக்ஸ் அள்ளி விடுகிறான். நீ இல்லாமலும் எனக்கு எல்லாம் நடக்கிறது, நம்முடைய இடம் என்று எதுவும் எனக்கு இல்லை என்று காட்டிக்கொள்ளத்தான். உள்ளே போய் உட்கார்ந்ததும் பரிசாரகர் வந்து, ஐயாவைப் பார்த்து ரொம்ப நாளாச்சே என்கிறார்! இவன் சமாளிக்கிறான், இப்போதெல்லாம் மாடியில் சாப்பிடுகிறேன் என்று. அவர் சாராவிடம் திரும்பி, அம்மாவும் வந்து ரொம்ப நாளாயிற்று என்கிறார். அவள் அதற்கு மறைக்காமல் எவ்வளவு நாள் என்று சொல்லிவிடுகிறாள். கணக்கு வைத்திருந்தவள் அவள், பொய் சொன்னவன் இவன். பாசாங்கு செய்ய ஒருவனுக்கு ஒரு பொது இடம் வேண்டும், அதே பொது இடத்தில் அவனைத் தெரிந்த ஒரு ஆளும் இருப்பார். உணவகத்தில் மட்டும்தான் இப்படிச் சத்தம் போடாமல் மாட்டிக்கொள்ள முடியும்.

அன்றைக்குச் சாப்பிட்டதற்கு அவர்கள் ரேஷன் சீட்டு கொடுத்திருக்கத் தேவையில்லை, உணவகச் சாப்பாடு ரேஷனுக்கு வெளியே. காசுள்ளவர்கள் மட்டும் வெளியில் மொக்குகிறார்கள் என்று முணுமுணுப்பு எழுந்ததால் 1942 ஜூனில் ஒரு சட்டம் போட்டார்கள், ஒரு சாப்பாட்டுக்கு ஐந்து ஷில்லிங்குக்கு மேல் வாங்கக்கூடாது, மூன்று பரிமாறலுக்கு மேல் கூடாது என்று. 1950 வரை அது அமலில் இருந்தது. ஆகவே 1946-இல் ரூல்ஸில் உட்கார்ந்தவர்களுக்குப் பழைய தாராளம் கிடையாது. காதலும் அப்படித்தான் அளவோடு பரிமாறப்படுகிறது. அவள் வந்திருப்பதே ஹென்றியைப் பற்றிப் பேச, அவர் முகம் சரியில்லை, என்னவென்று தெரியவில்லை என்று. இவனோ அவளுக்குப் புதுக் காதலன் யார் என்று துப்பறியத் தனியார் ஏஜென்சியில் ஆளே வைத்திருக்கிறான். வெளியே வந்து அதே இரும்புக் கிராதிப் பக்கம் நிற்கும்போது முத்தத்துக்குப் பதில் அவளுக்கு இருமல் வருகிறது, ஆளையே மடக்கிப்போடுகிற இருமல். அவள் பிழைக்கப்போவதில்லை என்பது முதன்முதலில் நமக்குத் தட்டுப்படுவது அங்கேதான்.

பிறகு துப்பறிபவர் பார்க்கிஸ் வருகிறார், பாவப்பட்ட மனிதர், வேலை கற்றுக்கொடுக்கத் தன் சின்னப் பையனையும் கூட்டிக்கொண்டு அலைபவர். அந்த அம்மா ஒரு ஆளோடு மதியம் சாப்பிட்டார், ரொம்ப அன்னியோன்னியமாகத் தெரிந்தது என்று அறிக்கை கொடுக்கிறார். அந்த ஆள் பென்ட்ரிக்ஸ்தான்! வேவு பார்க்கக் காசு கொடுத்தவனையே வேவு பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சிரிக்க வேண்டிய இடம், சிரித்தேன், ஆனால் மூன்றாம் ஆள் ஒருவருக்கு அந்த மேசையில் காதல் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவனுக்குத் தெரியவில்லை. அந்தச் சாப்பாடு முடிந்து பிரிந்ததும் சாரா போய் உட்கார்ந்தது ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தில் என்பதும் பார்க்கிஸ் மூலம்தான் தெரிகிறது. மெய்டன் லேனில் உண்மையிலேயே ஒரு கத்தோலிக்கத் தேவாலயம் இருக்கிறது, ரூல்ஸிலிருந்து கொஞ்சத் தூரம்தான். இந்த இரண்டாம் சாப்பாட்டில் ஹென்றியின் நாற்காலிக்கு வேறு ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார், அவர் யார் என்று பென்ட்ரிக்ஸுக்குத் தெரிய இன்னும் பல பக்கம் போக வேண்டும்.

ஹென்றியோடு சாப்பிடும் இடத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. பென்ட்ரிக்ஸ் அவரைத் தன் கிளப்புக்கு மதிய உணவுக்குக் கூப்பிடுகிறான். ஹென்றி ‘வியன்னா ஸ்டேக்’ கேட்கிறார். பெயரைக் கேட்டு வியன்னாவில் செய்கிற மாதிரி ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கன்றுக்கறி வரும் என்று நினைத்துவிட்டார் போல. வருவது கொத்துக்கறியைப் பிடித்துத் தட்டிய, சொதசொதவென்று இளஞ்சிவப்பில் இருக்கிற ஒன்று. வேறு இடம், தன் கிளப் இல்லை, ஒன்றும் சொல்லக் கூச்சம், அப்படியே திணித்து விழுங்குகிறார். ஒரு மனிதரை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது? வாழ்க்கை முழுக்க என்ன வருகிறதோ அதை முகம் சுளிக்காமல் விழுங்குகிறவர். அந்தச் சாப்பாட்டுக்கு அப்புறம் நெருப்புக்குப் பக்கத்தில்தான், நீதான் அவளுடைய காதலன் என்று அவருக்கு உறைக்கிறது. எனக்கு அந்த இடத்தில் பென்ட்ரிக்ஸ்மேல் கோபம் வந்தது. விருந்துக்குக் கூப்பிட்டு, சரியில்லாததைச் சாப்பிட வைத்து, மேலே இதையும் பரிமாறுகிறான்.

சாரா இறந்த பிறகு நடப்பது இன்னும் விசித்திரம். எரியூட்டு முடிந்து, சில்வியா என்ற இளம்பெண்ணோடு இரவு சாப்பிடப் போவதாக ஏற்பாடு. இவனே ஆரம்பித்ததுதான், வீம்புக்கு. பிறகு மனசு வரவில்லை, தப்பிக்கவும் வழியில்லை. சாரா, என்னை இதிலிருந்து காப்பாற்று என்று உள்ளுக்குள் கேட்டுக்கொள்கிறான், கடவுளே இல்லை என்கிறவன் செத்துப்போனவளிடம். அந்த நேரம் பார்த்து ஒரு வயதான அம்மாள் வந்து பேசுகிறார், சாராவின் தாய், மிஸஸ் பெர்ட்ராம், சடங்குக்குத் தாமதமாக வந்தவர். சில்வியாவோடு சாப்பிட வேண்டிய சாப்பாட்டை இவரோடு சாப்பிடுகிறான். பேச்சோடு பேச்சாக அந்த அம்மாள் சொல்கிறார், சாராவுக்கு இரண்டு வயதில் புருஷனுக்குத் தெரியாமல் கத்தோலிக்க ஞானஸ்நானம் கொடுத்துவிட்டதாக, அது ‘பிடித்துக்கொள்ளும்’ என்று ஒரு நம்பிக்கை இருந்ததாக, அம்மை குத்துவது மாதிரி. சாராவுக்கே இது தெரியாது. நாவலின் மிகப் பெரிய செய்தி கடன் கேட்கிற பழக்கமுள்ள ஒரு கிழவியின் வாயிலிருந்து, சாப்பாட்டுக்கு நடுவில் வருகிறது. கல்லூரியில் நான் எரிச்சல்பட்ட கடவுள் இந்த மேசை வழியாகத்தான் உள்ளே நுழைந்திருக்கிறார். இப்போதும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை, ஆனால் ஞானஸ்நானத்தை அம்மை ஊசி ஆக்கிய அந்த அம்மாளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அதற்கப்புறம் உணவகங்கள் நின்றுவிடுகின்றன. பென்ட்ரிக்ஸ் தன் அறையைக் காலி செய்துவிட்டு ஹென்றி வீட்டிலேயே குடிவந்துவிடுகிறான். சாராவை இழந்த இரண்டு ஆண்கள், ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. சாயங்காலமானால் பாண்டிஃப்ராக்ட் ஆர்ம்ஸ் என்ற பழைய பப்புக்கு, அந்த மழை ராத்திரியில் முதல் முதலாக உட்கார்ந்த அதே இடத்துக்கு, சேர்ந்து நடந்து போய் ஒரு கிளாஸ் பீர். இந்த நடை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்கிறார் ஹென்றி, மனசார.

எங்கள் வீட்டில் அமாவாசை, கிருத்திகைக்கு வெங்காயம் கிடையாது. அன்றைக்குச் சாம்பார் வேறு ருசியாக இருக்கும், ஏதோ ஒன்று இல்லை என்பது நாக்கில் தெரிந்துகொண்டே இருக்கும். புத்தகத்தை மூடிவைத்த பிறகு எனக்கு ஒரே யோசனை, ஹென்றிக்குத்தான் வெங்காயம் ஆகாதே, அந்த வீட்டுச் சமையலில் பென்ட்ரிக்ஸ் தினமும் எதைச் சாப்பிட்டிருப்பான்?